ஏழாம் அத்தியாயம்: ஒற்றை டிரான்சிஸ்டரைக் கொண்டு பெருக்கி அமைத்தல்

சென்ற அத்தியாயத்தில் நாம் பழகிய டயோடுக்கு, ஒரு திசையில் மின்னோட்டத்தை விடுவதும் மறுதிசையில் மறிப்பதும் தவிர வேறு வித்தை தெரியாது. அதே சிலிக்கன் துண்டில் இரண்டாவது சந்தி ஒன்றை முதற் சந்திக்கு மிக நெருக்கமாக அமைத்துவிட்டால், மைக்கில் பிறக்கும் சில மில்லிவோல்ட் அளவான சலனத்தை அடுத்த சாதனம் ஏற்றுக்கொள்ளத் தக்க அளவுக்கு உயர்த்தித் தரும் சாமர்த்தியம் அதற்கு வந்துவிடுகிறது. அது எப்படி வருகிறது என்பதையும், நாமே ஒரு பெருக்கியைக் கட்டி, அது சரியாக இருக்கிறதா என்பதை மீட்டரைக் கொண்டு எவ்வாறு நிர்ணயிப்பது என்பதையும் இந்த அத்தியாயத்தில் காண்போம்.

பாடப் புத்தகங்களில் வழக்கமாகக் காணும் வாக்கியம் ஒன்று உண்டு. பேஸில் செலுத்தும் சிறு மின்னோட்டம் கலெக்டரில் பெரு மின்னோட்டமாக வெளிவருகிறது என்பது அது. பொய்யென்று அதைத் தள்ளிவிட முடியாது என்றாலும், சிறியதொன்று உள்ளே சென்று பெரியதாகி வெளியே வருவது போன்ற மயக்கத்தை மாணவன் மனத்தில் அது உண்டாக்கிவிடுவதால், பின்னால் சுற்றில் ஏதேனும் கோளாறு நேரும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அவன் திகைக்க நேரிடுகிறது. உண்மையில் கலெக்டரில் ஓடும் மின்னோட்டம் முழுவதும் பேட்டரியிலிருந்து வருவது. சமிக்ஞை என்று ஒன்றுமே இல்லாத வேளையிலும் அது இடைவிடாது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவ்வாறு ஓடுவதைச் சற்றே ஏறவும் இறங்கவும் செய்வது ஒன்றே சமிக்ஞையின் வேலை. ஆகையால் பெருக்கியை அறிய விரும்புகிறவர் முதலில் ஆராய வேண்டியது, ஒலியும் பேச்சும் வந்து சேர்வதற்கு முன்னால் சுற்றில் நிலவும் அமைதி நிலையையே என்பது என் அபிப்பிராயம். ரேடியோ பழுது பார்ப்பவர்கள் ‘பயாஸ்’ என்று சொல்வது இதைத்தான். இது சரியாக அமைந்துவிட்டால் பெருக்கம் தானே வந்து சேரும். அமையாவிட்டால், எத்தனை உயர்ந்த டிரான்சிஸ்டரை வாங்கிப் பொருத்தினாலும் பயனில்லை.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1947 டிசம்பரில், அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்து மரே ஹில்லிலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், ஜான் பார்டீன், வால்டர் பிராட்டெய்ன் என்னும் இரு பௌதிக விஞ்ஞானிகள், ஜெர்மானியத் துண்டொன்றின் மீது முக்கோண வடிவான பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றை ஸ்பிரிங்கினால் அழுத்தி நிறுத்தினார்கள். ஆப்பின் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த தங்கத் தகட்டை அதன் நுனியில் மட்டும் சவரப் பிளேடால் கீறிப் பிளந்திருந்தபடியால், மயிரிழை போன்ற இடைவெளியில் இரண்டு தங்க முனைகள் ஜெர்மானியத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. ஒரு முனையில் கொடுத்த சமிக்ஞை மறுமுனையில் பெருகி வந்தது. அம்மாதம் 23ஆம் தேதி கூடத்தின் மேலதிகாரிகள் அந்தக் கருவியின் வழியே பேச்சொலியைக் கேட்டறிந்தார்கள். அவ்விரு விஞ்ஞானிகளுடைய குழுவின் தலைவரான வில்லியம் ஷாக்லி, தம் பெயர் அக்கண்டுபிடிப்பில் சேராத குறை உறுத்தியதாலோ என்னவோ, அடுத்த ஒரு மாதத்துக்குள் முனைகளே வேண்டாத, மூன்று அடுக்குகளாலான சந்தி டிரான்சிஸ்டரை யோசித்து எழுதிவிட்டார். இன்று நாம் கையில் எடுப்பது ஷாக்லியின் வழியில் வந்தது. மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையில் நமக்கு வேண்டிய பாடம் பிளேடு கீறிய அந்த இடைவெளியில் இருக்கிறது. இரண்டு சந்திகளும் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் இருந்தால் பெருக்கம் என்பதே இல்லை.

ஏன் இல்லை என்பதை இனிப் பார்க்கலாம். சிலிக்கன் அணுவின் வெளிச்சுற்றில் நான்கு எலெக்ட்ரான்கள் உள்ளன. படிகத்தில் அவை நான்கும் பக்கத்து அணுக்களுடன் பிணைந்துவிடுவதால், சுத்தமான சிலிக்கனில் சுயேச்சையாக அலையும் எலெக்ட்ரான்கள் மிகச் சொற்பம். ஐந்து எலெக்ட்ரான்கள் உடைய பாஸ்பரஸை அதில் அணு அளவில் கலந்தால், பிணைப்பில் இடம் கிடைக்காத ஐந்தாவது எலெக்ட்ரான் சுதந்திரமாகத் திரிகிறது; இதனை என் வகை என்கிறோம். மூன்றே எலெக்ட்ரான்கள் உடைய போரானைக் கலந்தால் பிணைப்பில் ஓர் இடம் காலியாகி, அந்தக் காலியிடமே ஒரு நேர் மின்னூட்டம் போல இடம் பெயர்கிறது. அது பி வகை. என்பிஎன் டிரான்சிஸ்டர் என்பது இரண்டு என் அடுக்குகளுக்கு நடுவில் ஒரு பி அடுக்கு. ஆனால் இரண்டு டயோடுகளைக் கம்பியால் முதுகோடு முதுகு இணைத்துவிட்டால் டிரான்சிஸ்டர் ஆகிவிடும் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். அந்த இணைப்பு இரண்டு டயோடுகளாகவே இருந்துவிடும்.

வித்தியாசம் இரண்டு விஷயங்களில் உள்ளது. எமிட்டர் என்னும் அடுக்கில் பாஸ்பரஸ் மிகத் தாராளமாகக் கலக்கப்பட்டிருக்கிறது. நடுவிலுள்ள பேஸில் போரான் மிகச் சிக்கனமாகக் கலக்கப்பட்டிருப்பதோடு, அந்த அடுக்கே ஒரு மைக்ரான் அளவில், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறின் அளவில்தான் இருக்கிறது. பேஸ், எமிட்டரைவிட ஏறத்தாழ 0.6 வோல்ட் உயர்ந்து நிற்கும்போது அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சந்தி திறந்துகொள்ள, எமிட்டரிலிருந்து எலெக்ட்ரான்கள் திரளாகப் பேஸுக்குள் நுழைகின்றன. நுழைந்தவை பேஸின் காலியிடங்களில் விழுந்து அங்கேயே அடங்கிப்போயிருக்க வேண்டும். ஆனால் காலியிடங்களோ குறைவு, கடக்க வேண்டிய தூரமோ அற்பம். எனவே, விழ ஓர் இடம் கிடைப்பதற்கு முன்னரே பெரும்பாலானவை மறுகரைக்கு வந்துவிடுகின்றன. அங்கே பல வோல்ட் நேர் மின்னழுத்தத்தில் நிற்கும் கலெக்டர் என்னும் மூன்றாவது அடுக்கு அவற்றை இழுத்துக்கொள்கிறது. முந்நூறு எலெக்ட்ரான்கள் கடந்து சென்றால் ஒன்று மட்டும் வழியில் அடங்கிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றை ஈடுசெய்யவே பேஸின் கம்பி வழியாகச் சிறு மின்னோட்டம் வர வேண்டியிருக்கிறது. கலெக்டர் மின்னோட்டத்துக்கும் பேஸ் மின்னோட்டத்துக்கும் உள்ள இந்த விகிதத்துக்குப் பீட்டா என்று பெயர். அதாவது பேஸ் மின்னோட்டம் என்பது டிரான்சிஸ்டரை ஆட்டிவைக்கும் கோல் என்பதைவிட, நாம் செலுத்தித் தீர வேண்டிய ஒரு வரி என்று கொள்வதே உண்மைக்கு அருகில் இருக்கும். ஒரே பெட்டியில் வாங்கிய டிரான்சிஸ்டர்களுக்குள்ளும் இந்த வரி ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுவதால், பீட்டாவை நம்பிச் சுற்று வரைவது மணலில் அஸ்திவாரம் போடுவதாகும். BC547 என்னும் பிரசித்தமான வகையில் ‘பி’ என்ற எழுத்துடையவற்றுக்கே பீட்டா 200 முதல் 450 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தயாரிப்பாளர்களே அச்சிட்டுத் தருகிறார்கள்.

மாறாத விதி வேறொன்றில் இருக்கிறது. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை 18 மில்லிவோல்ட் உயர்த்தினால் கலெக்டர் மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. 60 மில்லிவோல்ட் உயர்த்தினால் பத்து மடங்காகிறது. எந்தக் கம்பெனியின் சரக்கானாலும், என்ன விலை கொடுத்து வாங்கியதானாலும், சாதாரண அறை உஷ்ணத்தில் இந்தக் கணக்கு தவறுவதில்லை. ஏரி மதகின் திருகைத் திருப்புகிறவனுடைய கைவலிமையால் வயலுக்கு நீர் பாய்வதில்லை, ஏரியில் நீர் உயர்ந்து நிற்பதால்தான் பாய்கிறது என்பது போல, இங்கேயும் வேலை செய்வது பேட்டரியின் சக்தி, சமிக்ஞை திருகைத் திருப்புவதோடு சரி என்று சொல்லலாம். ஆனால் உவமையை அதற்குமேல் இழுக்கக் கூடாது. மதகில் ஒரு சுற்றுக்கு ஒரே அளவாக வழி திறக்கும். டிரான்சிஸ்டரிலோ ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மடங்காகப் பெருகுகிறது. பெருக்கியில் ஒலி சிதைவது ஏன் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கப்போகிறது.

இனிச் சுற்றைக் கட்டுவோம். ஒன்பது வோல்ட் சதுரப் பேட்டரி ஒன்று, BC547B ஒன்று, நான்கு ரெசிஸ்டர்கள், மூன்று எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள், ஒரு பிரெட்போர்டு, ஒரு மல்டிமீட்டர், இவ்வளவும் போதும். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் மீட்டர் உட்பட எல்லாம் அகப்படும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து பேஸுக்கு 68 கிலோ ஓம், பேஸிலிருந்து தரைக்கு 15 கிலோ ஓம், எமிட்டரிலிருந்து தரைக்கு 1 கிலோ ஓம், நேர்முனையிலிருந்து கலெக்டருக்கு 3.9 கிலோ ஓம் என்று ரெசிஸ்டர்களை இணையுங்கள். தரை என்று நாம் சொல்வது பேட்டரியின் எதிர்முனையைத்தான். கெபாசிட்டர்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்போது கைவைக்க வேண்டாம்.

டிரான்சிஸ்டரின் கால்களைக் குறித்து ஓர் எச்சரிக்கை. BC547இன் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே தொங்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பது வரிசை. அதே உருவத்தில் வரும் 2N3904க்கு இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். உருவத்தைப் பார்த்து மோசம் போகாமல் இருக்க, மீட்டரை டயோடு சோதனையில் வைத்து, சிவப்பு முனையைப் பேஸில் நிறுத்தி, கறுப்பு முனையால் மற்ற இரண்டு கால்களையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் 0.6க்கும் 0.7க்கும் இடைப்பட்ட எண் தெரியும். ஆனால் உன்னிப்பாகக் கவனித்தால் ஒன்று மற்றதைவிடச் சில மில்லிவோல்ட் அதிகமாக இருக்கும். அதிகமாகக் காட்டும் காலே எமிட்டர். விரலின் சூட்டிலேயே இந்த எண்கள் மெல்ல இறங்கத் தொடங்கிவிடுமாதலால், டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அளக்காமல் பிரெட்போர்டில் செருகி அளப்பது நல்லது.

கணக்கைப் பார்ப்போம். 68, 15 என்னும் இரு ரெசிஸ்டர்களும் ஒன்பது வோல்ட்டைப் பங்கிட்டுக்கொண்டு, நடுவில் ஏறத்தாழ 1.6 வோல்ட்டை நிறுத்துகின்றன. பேஸ் அங்கே இருந்தால் எமிட்டர் அதற்கு 0.63 வோல்ட் கீழே, அதாவது 0.95 வோல்ட் அளவில் இருந்தாக வேண்டும். எமிட்டருக்கும் தரைக்கும் இடையே 1 கிலோ ஓம் இருப்பதால் அதில் ஓடக்கூடியது 0.95 மில்லி ஆம்பியர். ஏறக்குறைய அதே மின்னோட்டம்தான் கலெக்டரிலும் ஓடியாக வேண்டும், அது 3.9 கிலோ ஓமின் குறுக்கே 3.7 வோல்ட்டை விழச் செய்வதால், கலெக்டர் 5.3 வோல்ட்டில் வந்து நிற்கிறது. இந்தக் கணக்கில் பீட்டா எங்கேயும் தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அது இருநூறானாலும் நானூறானாலும், பங்கீட்டு ரெசிஸ்டர்களில் ஓடும் நூறு மைக்ரோ ஆம்பியருக்கு முன்னால் பேஸ் கேட்கும் மூன்று நான்கு மைக்ரோ ஆம்பியர் ஒரு பொருட்டல்ல. இரண்டு மூன்று டிரான்சிஸ்டர்களை மாற்றி மாற்றிச் செருகி கலெக்டரில் அளந்து பார்ப்பவர், மீட்டரின் எண் அதிகம் அசையாமல் இருப்பதைத் தாமே காண்பார்.

எமிட்டர் ரெசிஸ்டரை நீக்கிவிட்டு, பேஸில் 0.63 வோல்ட்டை நேரடியாக நிறுத்தினால் என்ன குறை என்று கேட்கலாம். உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால், அதே மின்னோட்டத்துக்கு வேண்டிய பேஸ் எமிட்டர் மின்னழுத்தம் சுமார் இரண்டு மில்லிவோல்ட் குறைகிறது. மார்கழிக் காலையின் 25 டிகிரிக்குச் சரிபார்த்து வைத்த சுற்று, கத்திரி வெயிலில் 40 டிகிரியை எட்டினால், அது 30 மில்லிவோல்ட் அதிகமாகக் கொடுத்ததற்குச் சமம், மின்னோட்டம் மும்மடங்காகிவிடும். கலெக்டர் தரையை நோக்கி விழுந்து, பெருக்கி ஊமையாகிவிடும். எமிட்டரில் ரெசிஸ்டர் இருந்தாலோ, மின்னோட்டம் ஏற முயன்றவுடன் எமிட்டரின் மின்னழுத்தமும் கூடவே ஏறி, பேஸுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கி, ஏற்றத்தைத் தானே அடக்கிவிடுகிறது. அதே 15 டிகிரி ஏற்றத்துக்கு இப்போது மின்னோட்டம் மூன்று சதவீத அளவே கூடும். இவ்வளவு மலிவான காவல் மின்னணுவியலில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அமைதி நிலை அமைந்துவிட்டது. இப்போது சமிக்ஞையை வரவழைக்கலாம். 10 மைக்ரோ பாரட் கெபாசிட்டர் ஒன்றின் வழியாகச் சமிக்ஞையைப் பேஸுக்குக் கொடுங்கள். மற்றொரு 10 மைக்ரோ பாரட் வழியாகக் கலெக்டரிலிருந்து எடுங்கள். கெபாசிட்டர் அசைவை விட்டு, நிலையான மின்னழுத்தத்தை மறித்துவிடுவதால், நாம் அரும்பாடுபட்டு நிறுத்திய 1.6 வோல்ட் வெளியிலிருந்து வருகிற எதனாலும் கலைவதில்லை. நேர், எதிர் முனைகளைப் பார்த்து இணைக்க வேண்டும். எந்தப் பக்கம் மின்னழுத்தம் உயர்ந்ததோ அந்தப் பக்கம் நேர்முனை. இந்நிலையில் பேஸ் பத்து மில்லிவோல்ட் அசைந்தால் எமிட்டரும் கிட்டத்தட்ட அதே பத்து மில்லிவோல்ட் அசைகிறது. 1 கிலோ ஓமில் அது உண்டாக்கும் மின்னோட்ட அசைவு 3.9 கிலோ ஓமில் 39 மில்லிவோல்ட்டாகத் தெரிகிறது. அதாவது பெருக்கம் 3.9 மடங்கு, இரண்டு ரெசிஸ்டர்களின் விகிதமே. பேஸ் ஏறும்போது மின்னோட்டம் கூடி, 3.9 கிலோ ஓமில் விழும் மின்னழுத்தமும் கூடுவதால், கலெக்டர் இறங்குகிறது. ஆகவே வெளிவரும் அலை தலைகீழானது. காதுக்கு அந்த வேற்றுமை தெரியாது.

நான்கு மடங்குக்காகவா இத்தனை பிரயத்தனம் என்று கேட்பவருக்கு மூன்றாவது கெபாசிட்டர் விடை சொல்லும். 100 மைக்ரோ பாரட் ஒன்றை, நேர்முனை எமிட்டரில் இருக்கும்படி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே வையுங்கள். நிலையான மின்னோட்டத்துக்கு ரெசிஸ்டர் அப்படியே இருந்து காவல் காக்கிறது. ஒலியின் வேகத்தில் நிகழும் அசைவுக்கோ கெபாசிட்டர் எமிட்டரைத் தரையோடு கட்டிவிடுகிறது. இனி உள்ளே வரும் மில்லிவோல்ட்டுகள் முழுவதும் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலேயே விழுகின்றன. அவ்விடைவெளியில் டிரான்சிஸ்டர் தானே காட்டும் தடை, 25ஐ மில்லி ஆம்பியரால் வகுத்தால் வரும் ஓம்கள். நம் சுற்றில் 26 ஓம். 3,900ஐ 26ஆல் வகுத்தால் 150. ஒரே ஒரு கெபாசிட்டரைச் சேர்த்த மாத்திரத்தில் நான்கு மடங்கு, நூற்றைம்பது மடங்காகிவிட்டது. மீட்டரில் காணும் மூன்று மின்னழுத்தங்களில் ஒன்றும் மாறவில்லை.

இந்த நூற்றைம்பதில் மயங்கிவிடக் கூடாது. பேஸில் வரும் சமிக்ஞை 5 மில்லிவோல்ட் மேலேறும்போது கலெக்டர் மின்னோட்டம் 21 சதவீதம் கூடுகிறது. அதே 5 மில்லிவோல்ட் கீழிறங்கும்போது 17 அல்லது 18 சதவீதமே குறைகிறது. உள்ளே வந்த அலையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சமமாக இருந்தும், வெளியே செல்வதில் ஒரு பாதி பருத்தும் மறுபாதி இளைத்தும் போகின்றன. மடங்கு மடங்காகப் பெருகும் அந்தச் சுபாவத்தின் பலன் இது. இரண்டு மூன்று மில்லிவோல்ட் தரும் மைக்குக்குப் பாதகமில்லை. இருபது முப்பது மில்லிவோல்ட் வந்துவிட்டால் பாட்டுக் கரகரக்கும். அப்போது 1 கிலோ ஓமை 100 ஓம், 820 ஓம் என்று இரண்டாகப் பிரித்துத் தொடராக வைத்து, தரைப்பக்கத்து 820 ஓமுக்கு மட்டும் கெபாசிட்டரைக் குறுக்கே கட்டுங்கள். பெருக்கம் முப்பது மடங்கு அளவுக்குக் குறையும். ஆனால் டிரான்சிஸ்டரின் வளைந்த சுபாவத்தை, வளையாத 100 ஓம் பெரும்பாலும் மறைத்துவிடுவதால் ஒலி தெளியும். கையில் இருக்கும் பெருக்கத்தில் ஒரு பங்கை இழந்து தெளிவை வாங்கும் இந்தப் பண்டமாற்று, நல்ல ஆம்ப்ளிபயர்கள் அனைத்திலும் ஏதாவது ஒரு ரூபத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

கட்டிய சுற்று பேசவில்லை என்றால் உடனே டிரான்சிஸ்டரைக் குற்றவாளியாக்கிப் பிடுங்கி எறிவது புதியவர்களின் வழக்கம். அதற்கு முன் மீட்டரின் கறுப்பு முனையைத் தரையில் நிறுத்தி, பேஸ், எமிட்டர், கலெக்டர் மூன்றையும் சிவப்பு முனையால் தொட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1.6, 0.95, 5.3 என்பவற்றுக்கு அண்மையில் இருந்தால் டிரான்சிஸ்டர் சுகமாக இருக்கிறது. பேஸில் பூஜ்யமும் கலெக்டரில் முழு ஒன்பதும் தெரிந்தால் 68 கிலோ ஓமின் காலில் தொடர்பு விட்டிருக்கிறது. பேஸ் இரண்டரை வோல்ட்டுக்கு ஏறி, எமிட்டரும் கலெக்டரும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இரண்டு வோல்ட்டை அடுத்து நின்றால், தொடர்பு விட்டது 15 கிலோ ஓம். பேஸ் 0.7க்கு இறங்கி, மற்ற இரண்டும் தரையை ஒட்டிக் கிடந்தால், முதலில் கலெக்டருக்கு வரும் 3.9 கிலோ ஓமைச் சோதியுங்கள். கலெக்டர் வழி அடைபட்டதால், பேஸும் எமிட்டரும் வெறும் டயோடாகி, பங்கீட்டு ரெசிஸ்டர்களிலிருந்து மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த ரெசிஸ்டர் ஒழுங்காக இருந்தும் இதே எண்கள் வருமானால், எமிட்டரின் குறுக்கே வைத்த 100 மைக்ரோ பாரட் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு சூட்சுமம் உண்டு. 3.9 கிலோ ஓம் விட்டுப்போயிருந்தால் எமிட்டரில் எழுபது எண்பது மில்லிவோல்ட்டாவது மிஞ்சியிருக்கும். கெபாசிட்டர் ஒட்டியிருந்தால் எமிட்டரில் சுத்தப் பூஜ்யமாக இருக்கும்.

மூன்று எண்களும் சரியாக இருந்தும் ஒலி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால், அது கெபாசிட்டரின் குற்றம். காய்ந்துபோன கெபாசிட்டர் நிலையான மின்னழுத்தத்தைத் தொடுவதே இல்லையாதலால், மீட்டர் இங்கே நமக்குச் சாட்சி சொல்ல முடியாது. நல்ல கெபாசிட்டர் ஒன்றைக் கையில் எடுத்து, சந்தேகத்துக்குரியதன் குறுக்கே, நேர்முனையும் எதிர்முனையும் பார்த்து, கால்களைத் தொட்டு வைத்தால் போதும். ஒலி எழும்பினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. பழைய ரேடியோக்களில் பல வருஷ உஷ்ணத்துக்குப் பிறகு முதலில் சாவது பெரும்பாலும் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்தான்; டிரான்சிஸ்டர் அதற்குப் பின்னும் பல காலம் உழைக்கும்.

இந்தப் பெருக்கியின் வெளிவாயில் ஸ்பீக்கரை நேரே இணைத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று வருந்துவோர் பலர். எட்டு ஓம் ஸ்பீக்கரை 3.9 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் சமிக்ஞைக்குக் கலெக்டரில் கிடைக்கும் தடை எட்டு ஓம் மட்டுமே. எட்டை 26ஆல் வகுத்தால் ஒன்றுக்கும் குறைவு. நூற்றைம்பது மடங்கு பெருக்கவேண்டியது இருந்ததையும் குறைத்துவிடுகிறது. இந்தச் சுற்று மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்க வேண்டிய மின்னோட்டத்தைத் தர அதற்கு வகையில்லை. அதற்கான சுற்றை ஒன்பதாம் அத்தியாயத்தில் கட்டுவோம். அதுவரை சோதனைக்கு, கணினி ஸ்பீக்கர் அல்லது பழைய டேப்ரெக்கார்டரின் ஆக்ஸ் வாய் போதும். அவை 10 கிலோ ஓம் அளவில் இருந்தால் பெருக்கம் நூறை அடுத்து நிற்கும். மொபைல் மைக்குகளில் வரும் எலெக்ட்ரெட் வகை மைக்கை வைத்துச் சோதிப்பதாயின், அதற்குப் பேட்டரியிலிருந்து 10 கிலோ ஓம் வழியாகத் தனியே மின்னோட்டம் கொடுத்தாக வேண்டும்; மைக்கின் பக்கமே மின்னழுத்தம் உயர்ந்திருக்குமாகையால் உள்ளே வரும் கெபாசிட்டரின் நேர்முனையை அந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

நூறு மடங்கும் போதவில்லையென்று இதே சுற்றை இன்னொன்று கட்டி, முதலாவதன் வெளிவாயை இரண்டாவதன் உள்வாயில் சேர்க்கத் தோன்றும். சேர்க்கலாம். இரண்டாவது படியின் உள்தடை ஐந்து கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைவு. அது முதற்படியின் பெருக்கத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடுவதால், நூற்றைம்பதை நூற்றைம்பதால் பெருக்கி மனக்கோட்டை கட்ட வேண்டாம். அப்படியும் பல ஆயிரம் மடங்கு கிடைக்கும்; கூடவே ஒரு தொல்லையும் வரும். பேட்டரி பழசாகி அதன் உள்தடை ஏறியிருந்தால், இரண்டாம் படி இழுக்கும் மின்னோட்டத்தின் அசைவு பேட்டரியின் மின்னழுத்தத்தையே மெல்ல அசைத்து, அந்த அசைவு 68 கிலோ ஓமின் வழியாக முதற்படியின் பேஸுக்குத் திரும்பிவந்து, மீண்டும் பெருகி, மைக்கில் யாரும் பேசாமலே ஸ்பீக்கரில் ‘டுப் டுப் டுப்’ என்று படகு மோட்டார் ஓடுவது போன்ற சப்தம் எழும்பத் தொடங்கும். புதுப் பேட்டரி போட்டால் நின்றுபோவதும், சில நாளில் திரும்ப வருவதும் இதன் அடையாளம். முதற்படியின் 68 கிலோ ஓமும் 3.9 கிலோ ஓமும் பேட்டரியைத் தொடும் இடத்தைப் பிரித்து, பேட்டரிக்கும் அவற்றுக்கும் நடுவே 470 ஓம் ஒன்றைச் செருகி, அவை கூடும் முனையிலிருந்து தரைக்கு 100 மைக்ரோ பாரட் ஒன்றைக் கட்டிவிடுங்கள். அவ்வளவில் சப்தம் அடங்காவிட்டால் 220 மைக்ரோ பாரட் போட்டுப் பாருங்கள். அதோடு இரண்டு படிகளின் தரைக் கம்பிகளும் பேட்டரியின் எதிர்முனையில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.